அளவுக் கிண்ணம்

அமெரிக்காவில் ஒரு மதுக் கலவைக்குப் 'பழைய பாணி' என்று பெயர். 'ஓல்ட் பஷன்ட்' என்னும் அப்பெயர் இன்று நேற்று வந்ததன்று. 1880ஆம் ஆண்டிலேயே சிக்காகோ நகரத்துப் பத்திரிகையொன்றில் 'பழைய பாணிக் கொக்டெயில்' என்ற தொடர் அச்சேறிவிட்டது. 'அந்தக் காலத்தில் தந்ததுபோலத் தாருங்கள்' என்று கேட்ட மனிதர் அன்றே மதுச்சாலைகளில் இருந்திருக்கின்றனர் என்பது இதனாற் பெறப்படும். கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரிலுள்ள பெண்டெனிஸ் கழகத்தார் இக்கலவை தம்மிடத்திலேயே பிறந்ததென நெடுங்காலம் உரிமை கொண்டாடி வந்தனர். அக்கழகம் நிறுவப்பட்டதோ 1881இல்! பிள்ளை பிறந்து பெயரும் வைத்தபின் பிறந்த தாயின் கதையாக இது முடிந்தது.

அன்று அம்மனிதர் ஏங்கிய பழைய பொருள் யாது? 1806ஆம் ஆண்டு மே மாதம் நியூயோர்க் மாநிலத்தின் ஹட்சன் என்னும் ஊரில் வெளிவந்த ஒரு பத்திரிகையில், கொக்டெயில் என்ற சொல்லுக்குப் பொருள் கேட்ட வாசகருக்கு ஆசிரியர் விடை எழுதினார். ஏதேனும் ஒரு வடிமது, சீனி, தண்ணீர், பிற்றர்ஸ் எனப்படும் கசப்புச் சாறு ஆகிய நான்கும் சேர்ந்ததே அது என்பது அவ்விடையின் சாரம். தேர்தற் காலத்தில் எதிர்க்கட்சி வேட்பாளருக்கு இது மிகவும் பயன்படும் என்றும், இதனை விழுங்கியவன் வேறெதனையும் விழுங்குவான் என்றும் அவர் குத்தலாக ஒரு வரி சேர்க்கத் தவறவில்லை. நான்கு பொருள்கள் மட்டுமே கொண்ட இந்த எளிய கலவை நூற்றாண்டின் பிற்பகுதியில் வேறு பல மதுக்களின் துளிகளையும் இனிப்புச் சாறுகளையும் ஏற்றுக் கொழுத்தது. அக்கொழுப்பை வெறுத்தவர்களே பழைய பாணியைக் கேட்டனர். எனவே இன்று மேலைநாட்டு இளைஞரிடையே விஸ்கிக் கலவைகள் மறுபடியும் பெற்றுள்ள செல்வாக்கினைப் புதுமை என்பதா பழமை என்பதா என்று வாதிடுவதிற் பயனில்லை. ஓல்ட் பஷன்ட் தன் பெயரைப் பெற்றதே ஒரு மறுமலர்ச்சியின்போதுதான்.

நால்வகைப் பொருள்களுள் கசப்புச் சாற்றின் வரலாறு தனிச் சுவையுடையது. அங்கோஸ்துரா பிற்றர்ஸ், சிமோன் பொலிவாரின் படையில் மருத்துவராகப் பணியாற்றிய ஜெர்மானியரான சீகர்ட் என்பவர் 1824இல் ஆக்கிய மருந்தாகும். ஒரினோக்கோ ஆற்றங்கரையில் அங்கோஸ்துரா என அந்நாளில் வழங்கிய ஊரில், போர்வீரரின் வயிற்றுக் கோளாற்றைத் தணிக்கவே அவர் அதனைக் காய்ச்சினார். 1875இல் அத்தொழில் திரினிடாட் தீவுக்கு இடம் பெயர்ந்தது. சீனியின் இனிப்பும் விஸ்கியின் எரிவும் ஒன்றையொன்று மறுக்காமல் நிற்பதற்கு இக்கசப்பின் இரண்டு மூன்று துளிகள் போதும். குழம்புக்குப் பெருங்காயம் செய்யும் பணி இது. இருப்பது தெரியாது, இல்லாவிடில் தெரியும்.

இக்கலவைகளை முதன்முதலில் நூலாகத் தொகுத்தவர் ஜெரி தோமஸ். அவருடைய நூல் 1862இல் வெளிவந்தது. அதற்கு முன்னர் இத்தொழில் கைவழியாகவே கற்பிக்கப்பட்டது. மூத்தவர் அருகில் நின்று, அவர் எப்போது கலக்குவதை நிறுத்துகிறார், எவ்வளவு ஊற்றுகிறார் என்பதைக் கண்ணாற் கண்டு பழகுவதே கல்வி. நூல் அதற்குத் துணை மட்டுமே. நூலின்றிக் கை இருக்கலாம். கையின்றி நூல் இருந்தாற் பயன் என்ன என்பதை அமெரிக்கர் அறிவதற்கு ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

1920 ஜனவரி 17இல் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. 1933 டிசெம்பர் 5இல் நீக்கப்பட்டது. பதினான்கு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைந்த காலந்தான். ஆயினும் ஒரு தொழில்முறைத் தலைமுறையைத் துண்டிக்க அது போதுமாயிருந்தது. மதுச்சாலையில் நின்றோர் வேறு தொழில் தேடினர். சிலர் கடல் கடந்தனர். அவ்வாறு சென்ற ஹரி கிறடொக் இலண்டன் சவோய் விடுதியில் அமர்ந்து 1930இல் வெளிவந்த கலவைநூல் இன்றும் மறுபதிப்புக் காண்கிறது. ஊருக்குள் எஞ்சியவை கள்ளத் தவறணைகளும் மருந்துச் சீட்டுக்கு விற்கப்பட்ட விஸ்கியுமே. இவற்றோடு வீடும் இருந்தது. விலக்குக்கு முன்னர் முறைப்படி வாங்கி வைத்ததைத் தம் இல்லத்தில் தாமும் விருந்தினரும் அருந்துவதைச் சட்டம் தடுக்கவில்லை. எனவே மதுச்சாலையின் கதவு மூடியபோது கலவைக் குலுக்கி அடுக்களைக்குள் வந்தது. வீட்டிற் கலக்கும் வழக்கம் இக்காலத்தவர் கண்டுபிடித்ததென எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

விலக்கு நீங்கிய அன்றே நல்ல விஸ்கி வந்துவிடவில்லை. வந்திருக்கவும் முடியாது. விஸ்கிக்கு ஆண்டுகள் வேண்டும். பேர்பன் எனப்படும் அமெரிக்க விஸ்கி, நூற்றுக்கு 51 பங்குக்குக் குறையாத சோளம் சேர்ந்த கூழினை வடித்து, உட்புறம் கருக்கிய புதிய ஓக் மரப் பீப்பாயில் இட்டு முதிரச் செய்யப்படுவது. கருகிய மரத்திலிருந்தே அதன் நிறமும் வனிலா போன்ற மணமும் கிடைக்கின்றன. 1933இல் பண்டகசாலைகளில் முதிர்ந்த சரக்கு அருகியிருந்தது. கோதுமைக்கு உறவான றை என்னும் தானியத்திலிருந்து பென்சில்வேனியாவிலும் மேரிலண்டிலும் வடிக்கப்பட்ட காரமான விஸ்கி அந்த அடியிலிருந்து நெடுங்காலம் மீளவில்லை. மன்ஹற்றன் என்ற புகழ்பெற்ற கலவை றை விஸ்கியைக் கொண்டே அமைந்தது. மூலப்பொருள் போனபின் பெயர் மட்டும் நின்றது.

பின்வந்த பத்தாண்டுகளில் நிகழ்ந்தவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. எலுமிச்சம் பழத்தின் இடத்தைப் பொதியில் அடைத்த புளிப்புத் தூள் பிடித்தது. ஓல்ட் பஷன்டின் அடியில் நிறமூட்டிய செரிப் பழமும் தோடம்பழத் துண்டும் நசுங்கிக் கிடந்தன. மேலே சோடா ஊற்றப்பட்டது. 1970களில் நிறமும் மணமும் அற்ற வொட்கா விஸ்கியைப் பின்தள்ளியது. தந்தையர் குடித்ததை மைந்தர் குடிக்க விரும்பாமையும் இதற்கு ஒரு காரணம். (அம்மைந்தரின் மைந்தர், பாட்டனார் குடித்ததைத் தேடிப் போனதற்கும் அதுவே காரணமாகலாம்.)

மீட்சி ஒரு நூலிலிருந்து தொடங்கியது. 1987இல் நியூயோர்க் றொக்கெபெல்லர் மாளிகையின் 65ஆம் மாடியிலுள்ள 'றெயின்போ றூம்' புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டபோது, மதுமேசைக்குப் பொறுப்பாயிருந்த டேல் டிகிறொவ் என்பவரை, ஜெரி தோமசின் பழைய நூலைத் தேடிப் படிக்குமாறு உணவக முதல்வர் ஜோ போம் பணித்தார். தூளை ஒழித்துப் பழத்தைப் பிழிந்து கலக்கும் முறையை டிகிறொவ் அங்கே மீட்டார். 1999ஆம் ஆண்டின் இறுதி இரவில் அதே நகரின் கிழக்குப் புறத்தில் சாஷா பெற்றாஸ்கி என்னும் இளைஞர் 'மில்க் அண்ட் ஹனி' என்ற சிறிய மதுச்சாலையைத் திறந்தார். வெளியே பெயர்ப்பலகை இல்லை. உள்ளே கூச்சலிடுதல் கூடாது, ஆண்கள் அறிமுகமற்ற பெண்களிடம் தாமாகச் சென்று பேசுதல் கூடாது என்பன போன்ற விதிகள் எழுதி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு கலவையும் அளவுக் கிண்ணத்தால் அளந்தே ஊற்றப்பட்டது. பெருமித நடையில் உயரத்திலிருந்து அளவின்றி ஊற்றுவதே திறமை எனக் கருதப்பட்ட காலத்தில், அளந்து ஊற்றுதல் கற்றுக்குட்டியின் அடையாளமாகத் தோன்றியிருக்கும். பெற்றாஸ்கியோ அதனைத் தொழிலின் முதல் ஒழுக்கமாகக் கொண்டார். 2015இல் தம் 42ஆம் வயதில் அவர் மறைந்தார்; அவரிடம் பயின்றோர் பல நகரங்களிற் பரவியிருந்தனர். அறுந்த கைவழி மறுபடி முடியப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது.

இதற்கிடையில் நூலையும் ஆராய வேண்டியிருந்தது. 2007இல் வெளிவந்த டேவிட் வொண்ட்றிச்சின் நூல் ஜெரி தோமசின் குறிப்புகளுக்கு உரையெழுதுவதாக அமைந்தது. இவர் ஒப்பியல் இலக்கியத்திற் கலாநிதிப் பட்டம் பெற்று ஆங்கிலம் கற்பித்தவர் என்பது வியப்பன்று. ஏட்டுச் சுவடியைப் பதிப்பிக்கும் ஒருவர் எதிர்கொள்ளும் இடர்கள் அனைத்தும் அந்நூலில் இருந்தன. 1862ஆம் ஆண்டுப் பதிப்பில் விஸ்கிக் கொக்டெயிலுக்குப் 'போகார்ட்ஸ்' என்னும் கசப்புச் சாறு விதிக்கப்பட்டுள்ளது. அப்பெயரில் ஒரு சாறு இருந்ததாகத் தெரியவில்லை; 'போக்கர்ஸ்' என்பதன் அச்சுப்பிழை அது என்பதே அறிஞர் கொள்கை. விஸ்கியின் அளவோ 'ஒரு வைன் கிளாஸ்' என்றிருக்கிறது. இக்காலத்து வைன் கிளாசைக் கையிலெடுத்து நிரப்புபவர் இரண்டாம் குவளையைக் காணமாட்டார். அந்நாளில் அது ஏறத்தாழ 60 மில்லிலீற்றரைக் குறித்த அளவைப் பெயராகும். ஒரு சொல்லின் பொருளைத் தவறாகக் கொண்டால் மூன்று மடங்கு மது குவளைக்குள் வந்துவிடும். பாட ஆராய்ச்சியின் பயன் இவ்வளவு விரைவாக வெளிப்படும் துறை வேறொன்று இருக்குமோ என்பது ஐயமே.

மரபுக் கதைகளும் இச்சோதனையிலிருந்து தப்பவில்லை. 1874இல் சாமுவேல் ரில்டன் நியூயோர்க் ஆளுநராகத் தெரிவு செய்யப்பட்டதைக் கொண்டாட, வின்ஸ்டன் சேர்ச்சிலின் தாயார் மன்ஹற்றன் கழகத்தில் அளித்த விருந்தில் அக்கழகத்தின் பெயரால் அக்கலவை பிறந்தது என்பர். அந்த நவம்பரில் அவ்வம்மையார் இங்கிலாந்தில் நிறைமாதக் கருப்பிணியாக இருந்தார். 30ஆம் திகதி சேர்ச்சில் பிறந்தார். கதை நல்லதுதான், கடல்தான் குறுக்கே நிற்கிறது.

அதே 2007இல் 'மாட் மென்' என்னும் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. 1960களின் விளம்பர நிறுவனமொன்றில் அழகிய உடையணிந்த நாயகன் ஓல்ட் பஷன்ட் குவளையோடு தோன்றினான். ஆய்வாளர் எழுதிய நூலைப் படித்தவர் ஆயிரமாயின், இதனைக் கண்டவர் இலட்சம். அந்நாயகன் குடியினாற் சிதைந்த கதையையே அத்தொடர் எட்டாண்டு சொல்லியது. பலர் கண்டதோ குவளையை மட்டுமே. அக்குவளையே அவர்களை அடுக்களைக்கு அழைத்துச் சென்றது.

ஒருவரைக் கற்பனை செய்து பார்க்கலாம். அமெரிக்க நகரொன்றில் மாடிக் குடியிருப்பு. வேலை முடிந்த மாலை. அடுக்களை மேசையில் ஒரு போத்தல் விஸ்கி, சீனிப்பாகு, கசப்புச் சாறு, ஒரு தோடம்பழம், நீண்ட கரண்டி, இருபுறமும் வாயுள்ள அளவுக் கிண்ணம். அவருடைய முதல் முயற்சிகள் தோல்வியடைவது உறுதி. மன்ஹற்றன் செய்வது எளிதென்று அவர் கேள்விப்பட்டிருப்பார்: விஸ்கி இரண்டு பங்கு, இனிப்பு வெர்மூத் ஒரு பங்கு, கசப்புச் சாறு இரண்டு துளி. நினைவிற்கொள்ள மன்ஹற்றனின் பழைய தொலைபேசி வட்டார எண்ணான 212 உதவும். அளவு சரியாயிருந்தும் சுவை புளித்துப்போய் மந்தமாயிருக்கும். காரணம், மூன்றாண்டுக்கு முன் திறந்து அலுமாரியில் வைத்த வெர்மூத். அது மூலிகையூட்டிய திராட்சை மது. திறந்தபின் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஓரிரு மாதத்துள் முடித்துவிட வேண்டியது. விஸ்கியைப்போல் அது காத்திராது. வெர்மூத் பிடிக்காது என்று சொல்பவரிற் பலர் நல்ல நிலையிலுள்ள வெர்மூத்தை அறியாதவர்களே.

அடுத்துப் பனிக்கட்டி. தண்ணீர் கலந்து மது கெட்டுவிடுமென அஞ்சிக் கலக்குவதை விரைவில் நிறுத்துவது புதியவரின் இயல்பு. தண்ணீர் இங்கே குற்றமன்று. 1806இன் விடையில் அதுவும் நால்வரில் ஒருவர். மேலும், குளிர்ச்சியையும் தண்ணீரையும் பிரிக்கவே முடியாது. ஒரு கிராம் பனிக்கட்டி உருகுவதற்கு ஏறத்தாழ 334 யூல் வெப்பம் வேண்டும். ஒரு கிராம் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு பாகை மாற்ற 4.2 யூல் போதும். ஆகவே குவளையைக் குளிர்விப்பது பெரும்பாலும் பனிக்கட்டியின் தண்மை அன்று, அது உருகும்போது இழுத்துக்கொள்ளும் மறைவெப்பமே. மதுசாரம் உறைநிலையைத் தாழ்த்துவதால் கலவை பூச்சியத்துக்கும் கீழே சில பாகை இறங்கும். முறையாகக் கலக்கிய மன்ஹற்றனில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு உருகிய தண்ணீர்தான். சாறு சேராத கலவையைக் கரண்டியாற் கலக்கினால் அது தெளிந்து பட்டுப்போலிருக்கும். எலுமிச்சம் சாறும் முட்டை வெள்ளைக்கருவும் சேரும் விஸ்கி சவரைக் குலுக்கினால், வெள்ளைக்கருவின் புரதம் காற்றைப் பிடித்து நுரையாக நிற்கும். இதில் மாயம் ஒன்றுமில்லை. உயர்தர வகுப்புப் பௌதிகமும் இரசாயனமுமே.

ஓல்ட் பஷன்டுக்குப் பெரிய, தெளிந்த ஒற்றைக் கட்டி வேண்டுமென்பது இக்கால மோகம். இதனைப் பகட்டெனத் தள்ளிவிட முடியாது. பெரிய கட்டிக்குப் பருமனோடு ஒப்பிடும்போது மேற்பரப்புக் குறைவு, ஆதலால் மெல்ல உருகும். சாதாரண அச்சில் நீர் எல்லாப் பக்கத்திலுமிருந்து உறைவதால் காற்று நடுவில் அகப்பட்டு வெண்மையாகும். வெப்பங் கடத்தாத பெட்டியொன்றில் நீரை நிரப்பி, மூடியின்றி உறைபெட்டியுள் வைத்தால், குளத்து நீர் உறைவதுபோல் மேலிருந்து கீழாக மட்டும் உறையும். காற்றும் அழுக்கும் அடிக்குத் தள்ளப்படும். மேற்பகுதியை அரிந்தெடுத்தால் கண்ணாடி. ஒரு நாளளவு பொறுமை வேண்டும். இறுதியாகத் தோடம்பழத் தோலைச் சீவிக் குவளைக்கு மேலே நெரிக்கும்போது எண்ணெய்த் துளிகள் விஸ்கியின் மேற்பரப்பில் விழுகின்றன. வாய்க்குமுன் மூக்கு அருந்துகிறது.

இவற்றையெல்லாம் பழகியவர் தம் குவளையிற் பெறும் மகிழ்ச்சியை ஏளனஞ் செய்தல் தகாது. பொதியையும் தூளையும் நம்பியிருந்த ஒரு சமுதாயத்தில், ஒரு பொருள் எதனால் ஆனது, எவ்வளவு, ஏன் என்று கேட்கக் கற்றவர் அவர். ஆயினும் கதை இங்கே முடியவில்லை.

2020இல் பெருந்தொற்றினால் மதுச்சாலைகள் மறுபடி மூடப்பட்டன. நூறாண்டு கழித்து அதே நிகழ்வு: கதவு மூடியது, குலுக்கி அடுக்களைக்கு வந்தது. வேலையிழந்த மதுச்சாலைப் பணியாளர் சிலர் தம் வீட்டிலிருந்தே இணையவழியாகக் கற்பித்தனர். அதே ஆண்டில் அமெரிக்காவில் மதுவோடு தொடர்புடைய மரணங்கள் முந்தைய ஆண்டின் ஏறத்தாழ 79,000இலிருந்து ஏறத்தாழ 99,000ஆக உயர்ந்தன. இம்மரணங்களைத் தோடம்பழத் தோல் சீவியவர் தலையிற் சுமத்துவது அநீதி. தனிமையும் அச்சமும் வேலையின்மையும் சிகிச்சை தடைப்பட்டமையும் அங்கே இருந்தன. எனினும், கலவையின் நளினம் எவரையும் காத்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இவ்வெண்கள் இடந்தரவில்லை. மதுவில் உடல்நலத்துக்கு ஊறற்ற அளவு என ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகக் கூறியது.

கணக்கும் எளிது. அமெரிக்கர் ஒரு 'குடி' எனக் கொள்ளும் அளவு 14 கிராம் தூய மதுசாரம். நூற்றுக்கு 50 வலிமையுள்ள விஸ்கி 60 மில்லிலீற்றர் இட்ட ஓல்ட் பஷன்டில் ஏறத்தாழ 24 கிராம் உண்டு. வெர்மூத்தும் சேர்வதால் மன்ஹற்றனில் இன்னுஞ் சற்று அதிகம். இரு குவளை அருந்தியவர் இரண்டு குடித்ததாக எண்ணுவார், குடித்தது மூன்றரை. சீனியும் குளிரும் எரிவை மறைப்பதால் நாக்கு எச்சரிப்பதில்லை. நல்ல கலவையின் சிறப்பும் ஆபத்தும் ஒன்றாகவே இருக்கின்றன.

மதுச்சாலையில் மேசைக்கு அப்பால் ஒருவர் நிற்பார். கலப்பது அவருடைய பாதித் தொழில். முன்னிருப்பவரின் முகத்தைப் பார்த்து, அடுத்த குவளையைத் தாமதப்படுத்துவதும், கேளாமலே தண்ணீர் வைப்பதும், சில வேளை மறுப்பதும் மறு பாதி. இந்த மறு பாதியை ஜெரி தோமசின் நூலிலிருந்து மீட்க வழியில்லை. பெற்றாஸ்கியின் விதிப்பலகையில் அதன் சாயல் இருந்தது. வீட்டுக்கு வந்த நூல்களிலும் கருவிகளிலும் முதற் பாதி முழுமையாக உண்டு. கிண்ணம் 60 மில்லிலீற்றரை அளக்கும்; எத்தனை முறை என்பதை அளக்காது. அடுக்களையில் மேசையின் இருபுறமும் நிற்பவர் ஒருவரே. ஊற்றுபவர் ஊற்றப்படுபவரை மறுப்பது எவ்வளவு கடினம் என்பதைத் தனியே குடித்தவர் அறிவர். அவரோடு வாழ்ந்தவர் இன்னும் நன்றாக அறிவர்.

நாம் கற்பனை செய்த அம்மனிதர் இதற்கு ஒரு வழி கண்டிருக்கலாம். அவருடைய உறைபெட்டியில் ஒரு சிறு பெட்டிக்கே இடம். அதிலிருந்து நல்ல கட்டியாக ஒன்றே தேறும். சாதாரண அச்சின் வெண்கட்டிகளை இடுவதற்கு இப்போது அவர் மனம் ஒப்பாது. அத்தனை தூரம் பழகிவிட்டார். மாலை ஏழு மணிக்கு அக்கட்டியைக் குவளையில் இட்டு, அளந்து ஊற்றி, தோலை நெரித்து, யன்னலருகே அமர்கிறார். குவளை வெறுமையானபோது கட்டி பாதிக்குமேல் எஞ்சியிருக்கிறது. அதன்மேல் இன்னொரு 60 மில்லிலீற்றர் தாராளமாக நிற்கும். அவர் அதனைச் சிறிது நேரம் பார்த்திருந்து, தொட்டியில் கவிழ்த்துவிட்டு, கிண்ணத்தையும் கரண்டியையும் கழுவித் துடைத்து வைத்து, பெட்டியில் மறுபடி நீர் நிரப்புகிறார். அது உறைய மறுநாள் மாலையாகும்.